பதில்: அப்பாவுடன் கோலார் தங்கவயல் போகலாமா?

வணக்கம் நண்பரே. கர்நாடகாவின் கோலார் தங்கவயலில் தாத்தா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துக்குள் அப்பாவை இறக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. 2001 பிப்ரவரி 28-ல் மூடியபின் பம்புகள் நின்று, ஆழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. யாராவது காசு வாங்கிக்கொண்டு குழிப்பக்கம் கூட்டிப்போகிறேன் என்றால் தயவுசெய்து போகாதீர்கள்.

ஆனால் அப்பாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். சேலம் ஜங்ஷனில் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூரு போகும் ரயிலேறி பங்காருப்பேட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து மாரிகுப்பம் போகும் சின்ன ரயில்தான் என் சிபாரிசு. உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களைப் படிக்கும்போதே அப்பாவுக்குத் தாத்தா சொன்ன கதைகள் ஞாபகம் வரும். சுரங்கக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கோபுரங்களை வெளியிலிருந்தே பாருங்கள். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகள் பக்கம் பெரியவர்களிடம் தாத்தா பெயரைச் சொல்லி விசாரியுங்கள், தமிழிலேயே பேசலாம். எனக்கு அந்தப் பேச்சுதான் இடிபாடுகளைவிடப் பெரிசு.

அப்பாவுக்கு வீசிங் என்றீர்களே, சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்மேடுகள் பக்கம் வேண்டவே வேண்டாம். காற்றடித்தால் தூசி பறக்கும். மழை பெய்து ஓய்ந்த நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள், இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும்.