பப்பாளியில வெள்ளை மாவு: எறும்பை கவனிச்சீங்களா?

கேள்வி: வீட்டுக்கு பின்னாடி ரெண்டு பப்பாளி மரம் இருக்கு. காய் காம்பு, இலைக்கு அடியில எல்லாம் பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருக்கு, தொட்டா பிசுபிசுங்குது, இலை மேல கரி பூசுன மாதிரி கறுப்பு. கடையில குடுத்த மருந்தை அடிச்சேன், கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, அப்புறம் முன்னைவிட அதிகமா வந்துடுச்சு. மரத்தை வெட்டிடலாமா?

பதில்: வெட்டாதீங்க. இது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்து பூச்சி, இந்தியாவுல 2008ல தான் முதல்ல பார்த்தாங்க, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு எதையும் விட்டு வைக்கல. மருந்து ஏன் கேக்கலன்னா, அது உடம்பு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, முட்டை பூரா அந்த பஞ்சுக்குள்ள நூத்துக்கணக்குல பத்திரமா இருக்கும், மருந்து உள்ள போகாது. ஆனா அதை திங்க வர்ற நல்ல பூச்சிங்களுக்கு அந்த பாதுகாப்பு இல்ல, அதுங்க செத்துடும். அதான் திரும்ப வரும்போது டபுளா வருது.

முதல்ல மரத்தண்டுல எறும்பு ஏறுதான்னு பாருங்க, கண்டிப்பா ஏறும். அந்த பிசுபிசுப்பு மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு, கறுப்பு பூசணம் வளர்றதும் அதுல தான். எறும்பு அதுக்காகவே மாவுப்பூச்சிக்கு காவல் நிக்கும், எதிரி பூச்சி எதையும் கிட்ட விடாது. தண்டை சுத்தி ஒரு துணியை கட்டி அது மேல கிரீஸ் தடவுங்க (பட்டை மேல நேரா தடவ வேணாம்), சுவத்துல உரசுற இலையை வெட்டிடுங்க, இல்லன்னா எறும்பு அந்த வழியா போயிடும்.

அப்புறம் காலையில ஹோஸ் பைப்பால இலைக்கு அடியில வேகமா தண்ணி அடிங்க, பாதி பூச்சி கீழ விழுந்துடும். சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையுறதுக்கு கொஞ்சம் சோப்பு தண்ணி. முதல்ல ஒரே ஒரு இலையில அடிச்சு மறுநாள் பாத்துட்டு மத்ததுக்கு அடிங்க, பப்பாளி இலை சீக்கிரம் கருகும். வாராவாரம் அடிச்சா போதும், தினம் அடிக்காதீங்க.

அடிக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாக்கணும். உப்பிப்போய் பழுப்பா, முதுகுல சின்ன வட்ட ஓட்டையோட மாவுப்பூச்சி இருந்தா குளவி வேலை செய்யுதுன்னு அர்த்தம். கடுகை விட சின்ன குளவி, மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கும், 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து இந்தியாவுக்கு கொண்டு வந்து விட்டாங்க, அதுக்கப்புறம் தான் விவசாயிங்க மூச்சு விட்டாங்க. அந்த இலையை பறிக்காதீங்க, அதுல அடிக்கவும் வேணாம். அதே மாதிரி மாவுப்பூச்சி கூட்டத்துக்குள்ள கொஞ்சம் பெருசா, நீட்டு நீட்டா வெள்ளை முடியோட வேகமா ஊர்ற ஒண்ணை பாத்தா நசுக்கிடாதீங்க, அது பொறிவண்டு புழு, மாவுப்பூச்சியை தான் தின்னுட்டு இருக்கும். நிறைய பேர் இதைத்தான் பெரிய மாவுப்பூச்சின்னு நினைச்சு முதல்ல கொல்றாங்க!

மோசமா போன இலையை மட்டும் கவர்ல போட்டு கட்டி அப்புறப்படுத்துங்க, செடி ஓரத்துல வீசாதீங்க. ஏற்கனவே மருந்து அடிச்ச காயை, எத்தனை நாள் கழிச்சு பறிக்கணும்னு லேபிள்ல இருக்கும், பாத்துட்டு சாப்பிடுங்க.

கேள்வி: என் பப்பாளியில பூச்சியே தெரியல, ஆனா புது இலை கயிறு மாதிரி சுருங்குது, காய் மேல வட்ட வட்டமா கோடு. என்ன அடிக்கலாம்?

பதில்: எதுவும் அடிச்சு பிரயோஜனம் இல்லங்க. இது வளையப்புள்ளி வைரஸ், அசுவினின்னு சாறு உறிஞ்சுற சின்ன பூச்சி வந்து ஒரு தடவை குத்தி உறிஞ்சுனா போதும், ஒட்டிக்கும், மருந்து அசுவினியை கொல்றதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும். பக்கத்துல நல்ல மரம் இருந்தா இதை வேரோட பிடுங்கிடுங்க. இருக்கிற பழத்தை தாராளமா சாப்பிடலாம், மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது, இனிப்பு தான் குறைவா இருக்கும். அடுத்த கன்னு வைக்கும்போது பூசணி, வெள்ளரி கொடியை அது பக்கத்துல விடாதீங்க, இந்த வைரஸ் அதுலயும் தங்கும்.