அகத்திக்கு ஆங்கிலத்தில் ஏன் 'வெஜிடபிள் ஹம்மிங்பேர்ட்' என்று பெயர்? அந்தப் பறவை நம் ஊரில் இல்லையே?

ஆமாம், ஹம்மிங்பேர்ட் (தமிழில் ஓசனிச்சிட்டு) அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் தேன்சிட்டு வேறு குடும்பம். ஆனாலும் பெயரின் பொருத்தம் பூவைப் பார்த்தால் புரிந்துவிடும்.

கும்பகோணம், திருவையாறு பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போனால், கொடி படர நட்ட அகத்தியில் பூ தொங்கும். விரியாத மொட்டு அரிவாள் மாதிரி வளைந்து, அலகு நீண்ட குட்டிப் பறவையாகவே தெரியும். விரிந்ததும் ஓர் இதழ் பின்னால் மடங்கும், பக்கத்து இரண்டும் சிறகு போல நிற்கும். சமைக்கும்போது கசப்பு குறைய நடுவில் இருக்கும் நரம்பைக் கிள்ளி எடுப்போமே, அதுதான் மகரந்தத் தாள். துவாதசிக்குக் கீரை பறிக்கும்போது ஒரு பூவையும் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு!

இந்தப் பறவையின் பெயர் இன்னும் பலவற்றுக்கு உண்டு. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களுடைய போர்த் தெய்வம் ஹுயிட்சிலோபோச்ட்லியின் பெயரிலேயே ஓசனிச்சிட்டு இருக்கிறது. கிப்சன் நிறுவனம் 1960-ல் ஹம்மிங்பேர்ட் கிட்டாரைக் கொண்டுவந்தது. 2013-ல் கூகுள் தன் தேடல் முறைக்கும் அதே பெயரை வைத்தது.

அப்புறம், சாயங்காலம் இட்லிப்பூச் செடியில் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பூச்சி ஒன்று உண்டு. பலர் அதைக் குட்டிப் பறவை என்றே நினைப்பார்கள். அது அந்துப்பூச்சி. அதன் இனத்துக்கும் ஆங்கிலத்தில் ஹம்மிங்பேர்ட் பெயர்தான்.