எக்கோவுல "இதயத்தைச் சுத்தி கொழுப்பு"ன்னு வந்தா உடனே ஆஞ்சியோவா?

பாளையங்கோட்டையில இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காங்க: "வயசு 54, சுகர் வந்து ஒம்பது வருசம் ஆச்சு, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 8.2. எக்கோவுல (இதய ஸ்கேன்) ஈஎஃப் 62 சதவீதம், கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இதயத்தைச் சுத்தி கொழுப்பு 7 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. டாக்டர் பம்பிங் நல்லாருக்குன்னுட்டாங்க, மச்சான் ஆஞ்சியோ பாத்துருங்கங்காரு. நான் குண்டும் கிடையாது. என்ன செய்ய?"

நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் எதுவும் இல்லேன்னா இந்த ரிப்போர்ட்டை மட்டும் வச்சு ஆஞ்சியோ, அதான் இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பாக்குற சோதனை, வேண்டாம் அண்ணாச்சி. அதுக்காக அதை பீரோவுல சொருகிட்டு மறந்துறவும் கூடாது.

ஈஎஃப்ங்கிறது இதயம் சுருங்கும்போது உள்ள இருக்கிற ரத்தத்துல எத்தனை சதவீதத்தை வெளிய தள்ளுதுங்கிற கணக்கு. உங்களுக்கு அது நல்லாவே இருக்கு. ஆனா சுகர்காரங்களுக்கு பெரும்பாலும் முதல்ல மாட்டுதது விரியுற வேலைதான், சுவர் கஞ்சி போட்ட வேட்டி கணக்கா விறைச்சுக்கிட்டு ரத்தம் லேசா உள்ள வராம போகும், அதைத்தான் கிரேடு 1ன்னு எழுதியிருக்காங்க. வயசு கூடினாலும் பிபி இருந்தாலும் இதே கிரேடு 1 வரும், அதனால இதுமட்டும் சுகரோட வேலைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஸ்ட்ரெயின் எக்கோன்னு ஒண்ணு இருக்கு, ஈஎஃப் நார்மலா இருக்கையிலயே தசை களைச்சுப் போறதை அது காட்டிரும், அடுத்த தடவை எக்கோ எடுக்கையில அதையும் சேத்துப் பாக்க முடியுமான்னு கேளுங்க.

இனி அந்தக் கொழுப்பு. அது இதயத் தசை மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, நடுவுல தடுப்புச் சவ்வு எதுவும் கிடையாது, தசைக்குப் போற அதே ரத்தக்குழாய்தான் இதுக்கும். கொஞ்சம் இருந்தா தசைக்குத் தீனி, கூடிப்போச்சுன்னா வீக்கத்தை உண்டாக்குற சரக்கைச் சுரந்து நேரா தசைக்குள்ள விடும். எக்கோவுல 5 மில்லிமீட்டருக்கு மேலன்னா கூடுதல்னு பலபேர் எடுத்துக்கிடுவாங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே கோடு கிடையாது. குண்டு இல்லேங்கீங்களே, இடுப்பை அளந்தீங்களா? நம்ம ஆம்பளைகளுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைகளுக்கு 80, அதைத் தாண்டினா கை கால் ஒல்லியா இருந்தாலும் ஒல்லின்னு கணக்குல சேக்க முடியாது.

நல்ல விசயம் என்னன்னா உடம்பு எடை குறையும்போது இந்தக் கொழுப்பும் குறையும். வாரத்துக்கு 150 நிமிசம் வேகமா நடங்க, வ.உ.சி மைதானத்துல நின்னு அரசியல் பேசுததை இதுல சேக்கக் கூடாது. கருப்பட்டி காப்பி சுகருக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் நம்புதாங்க, அதுவும் சீனிதான் அண்ணாச்சி. சொதி வச்ச அன்னைக்கு சோத்தைக் குறைச்சுக்கிடுங்க, அம்புட்டுதான்.

மாத்திரை விசயத்துல டாக்டர்ட்ட வாயைத் திறந்து கேளுங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சுகரைக் குறைக்கிறதோட, ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் தேவைக்கு ரத்தத்தைத் தள்ள முடியாம திணறுறது) ஆபத்தையும் குறைக்கும், உங்க கிட்னிக்கும் உடம்புக்கும் சரிப்படுமான்னு அவங்கதான் பாக்கணும். கால் வீங்குச்சுன்னா பயோகிளிடசோன்ங்கிற சுகர் மாத்திரை எடுத்தா அதை மறைக்காம சொல்லுங்க, அது உடம்புல தண்ணியைத் தேக்கும். அந்த ஃப்ளோசின் மாத்திரையில இருக்கிறவங்க கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கப்போறாங்கன்னா முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டுக்கிடணும், சாப்பாடு இல்லாம இருக்கையில கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கையில ரத்தத்துல சேருற அமிலம்) கூடி ஆபத்தாயிரும். வாந்தி வயித்தாலயிலயும் இதேதான்.

மாடிப்படி ஏறையில புதுசா மூச்சுவாங்குது, ராத்திரி தலகாணி ரெண்டு வச்சாத்தான் தூக்கம் வருதுன்னா எக்கோவை மறுபடியும் எடுங்க. சுகர்காரங்களுக்கு ஹார்ட் அட்டாக் வலி இல்லாமலும் வரும், திடீர்னு வேர்த்து மூச்சு முட்டுனா வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திராதீங்க, 108க்கு அடிச்சு பக்கத்துல எங்க ஈசிஜி எடுப்பாங்களோ அங்க போயிருங்க.