டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு உதவப் பயிற்சி எடுக்க விரும்புகிறேன். கொழும்பில் எந்தப் பாடநெறிக்குக் காசு கட்டலாம்?

உங்கள் அக்காவின் மகன் வெள்ளவத்தையில் தரம் 4 படிக்கிறான், டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் கற்றல் சிரமம்) என்று சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் முறையாகப் படித்து அவனுக்கு உதவ நினைக்கிறீர்கள், ஆனால் தமிழில் ஏதும் இருக்கிறதா என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். நான் கொழும்பில் தமிழ் மொழிமூல ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். இதற்கென்று பயிற்சியும் எடுத்திருக்கிறேன். முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: ஒரு பிள்ளையை உங்கள் முன்னால் உட்காரவைத்து நீங்கள் சொல்லிக்கொடுக்க, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துகிற பயிற்சி என்றால் காசு கட்டுங்கள். அது இல்லாத பாடம் எதையும் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம்.

இப்படி உறுதியாகச் சொல்லக் காரணம் நான் முதன்முதலில் போன கருத்தரங்கு. ஹோட்டல் மண்டபம், காலையிலிருந்து பின்னேரம் வரை, முடிவில் சான்றிதழ். காட்டிய உதாரணம் எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலச் சின்ன 'பி'யையும் 'டி'யையும் (b, d) மாற்றி எழுதுகிற பிள்ளைகளின் கொப்பிகள்தான் திரையில் வந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை வகுப்புக்குப் போய் நானும் அப்படி எழுத்தைத் திருப்பிப் போடும் பிள்ளை யாரும் உண்டா என்று தமிழ்க் கொப்பிகளைப் புரட்டினேன். ஒருவருமில்லை. நிம்மதியாக இருந்துவிட்டேன். உதவி தேவைப்பட்ட பிள்ளை முன் வரிசையில்தான் இருந்தான். அவனுடைய ஒரு வருடம் அப்படியே போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் மனம் உறுத்தும்.

தமிழில் இது வேறு முகத்தோடு வருகிறது. நமக்கு எழுத்துகள் 247 என்றாலும் ஆங்கிலம் போல எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்று தாறுமாறாக இருக்காது. அதனால் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாக வாசிக்கப் பழகிவிடும். ஆனால் வேகம் வராது. மற்றப் பிள்ளைகள் பந்தி முடித்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவன் இரண்டாவது வரியில் நிற்பான். தரம் 1, 2இல் பாடத்தைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி ஒப்புவித்துவிடுவான், யாருக்கும் தெரியாது. தரம் 4இல், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வினாத்தாள்கள் குவியத் தொடங்கும்போதுதான் வெளியே வரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் எடுத்த பயிற்சியில் செய்முறை இருந்தது. அதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தரம் 3 பிள்ளை, புத்தகத்தில் 'கொக்கு' என்ற சொல், பக்கத்தில் படம். பிள்ளை கொம்பில் (ெ) விரலை வைத்து "கெ..." என்றான். அடுத்து அரவை (ா) கண்டு "கா..." என்றான். நிமிர்ந்து படத்தைப் பார்த்து "கொக்கு" என்றான். நான் "கெட்டிக்காரன்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பப் போனேன். பின்னால் இருந்த பயிற்றுநர், "படத்தைக் கையால மூடிப்போட்டுத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார். மூடினேன். பிள்ளையால் வாசிக்க முடியவில்லை. கொம்பையும் அரவையும் இரண்டு தனிச் சாமான்களாகவே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் சேர்ந்து ஒரே 'ஒ' ஒலி என்பது அவனுக்குள் இறங்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து மூன்று மட்டைத் துண்டுகள் வைத்துக்கொண்டோம். ஒன்றில் கொம்பு, ஒன்றில் 'க', ஒன்றில் அரவு. கொம்பையும் அரவையும் இரண்டு கையிலும் எடுத்து, 'க'வை இரண்டு பக்கமும் அணைத்து வைத்தபடி "ஒ... கொ" என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுத வேண்டும், எழுதும்போதும் சொல்ல வேண்டும். 'க' முடிந்தபின் 'ப', அப்புறம் 'த'. ஒரு நாளைக்கு 20 நிமிடம், அதற்கு மேல் இல்லை. 11ஆம் நாள் 'தொப்பி' என்ற சொல்லைப் படமில்லாமல் வாசித்தான்.

பார்த்து, கேட்டு, சொல்லி, தொட்டு எழுதி, சின்னச் சின்னப் படியாக ஏறுவது, ஏறிய படியைத் திரும்பத் திரும்ப மிதிப்பது. இந்த முறையின் வேர் அமெரிக்காவில், 1930களில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹம் என்ற ஆசிரியையும் சேர்ந்து செய்த வேலையில் இருக்கிறது. ஓர்ட்டன்-கில்லிங்ஹம் என்ற பெயரில் இணையத்தில் நிறையப் பாடநெறிகள் விற்கிறார்கள். முறை நல்லது. ஆனால் அவர்கள் போட்ட படிகள் ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு எந்த உயிர்க்குறி முதலில், ல, ள, ழ எப்போது, ர, ற எப்போது என்று படிகளை நாமே அடுக்க வேண்டும்.

இன்னொன்றும் நம்மிடம் உண்டு. புத்தகத்தில் 'வருகிறேன்' என்று இருக்கும், பிள்ளை "வாறன்" என்று வாசிப்பான். அதைக் கவனயீனம் என்று அடித்துவிடாதீர்கள். சொல்லின் பொருள் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, வீட்டில் பேசுகிற வடிவம் வாயில் வந்திருக்கிறது. "சரி, விளங்கிவிட்டது. இப்போது இந்த எழுத்துகளைப் பார்த்துச் சொல்" என்றால் போதும். ஆங்கிலப் பாடநெறி எதிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

எங்கே படிப்பது என்று கேட்டீர்கள். வீட்டிலிருந்தே தொடங்க, பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன் லேர்ன் தளத்தில் டிஸ்லெக்ஸியா பற்றிய இலவசப் பாடநெறி இருக்கிறது. மேட் பை டிஸ்லெக்ஸியா என்ற தொண்டு அமைப்பு மைக்ரோசொப்ட்டோடு சேர்ந்து ஆசிரியர்களுக்கு ஓர் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. இரண்டும் ஆங்கிலம்தான், ஆனால் அடிப்படை விளங்கும். இங்கே நாவலவில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை உண்டு. மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது, நீங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்தால் புறக்கோட்டைக்குப் போய் 138 பஸ் எடுக்கலாம். இரண்டு இடத்திலும் இந்த வருடம் தமிழ் மொழிமூலம் நடக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் கேட்பதைவிட அது நல்லது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளோடு பல வருடம் வேலை செய்தவர்கள் என்பதால் அவர்களையும் விசாரிக்கலாம்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நான் படிப்பிப்பதை எத்தனை தடவை நீங்கள் பார்ப்பீர்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். "மூன்று மாதத்தில் குணமாக்கலாம்" என்று சொல்பவரிடமும் போக வேண்டாம், இது காய்ச்சல் அல்ல. நிறக் கண்ணாடி, கண்ணுக்குப் பயிற்சி என்று விற்பவர்களும் உண்டு. அவை டிஸ்லெக்ஸியாவுக்கு உதவும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் 2009இல் கூட்டாகவே அறிக்கை விட்டன. பார்வையையும் செவியையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பயிற்சி முடித்தபின் கண்ட பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்ஸியா என்று நாமே பெயர் சூட்டும் ஆசை வரும். அது நம்முடைய வேலை அல்ல, உளவியலாளரின் வேலை.

பயிற்சியில் படித்த ஒரு பழைய கதை எனக்கு மிகவும் உதவியது. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பேர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதியவன். பாடம் எல்லாம் வாய்மொழியாக நடந்தால் பாடசாலையிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். பெற்றோர் கூட்டத்தில் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அப்பாவிடம் இதைச் சொன்னேன். மகனுக்காக வந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மிஸ், நானும் அப்படித்தான். விலை முழுக்க மனப்பாடம், பில் எழுதத் தம்பிதான்" என்றார். இது குடும்பத்தில் தொடர்வது வழக்கம். மகனை அடித்த நாட்களை நினைத்து அழுதார். உங்கள் அக்கா வீட்டிலும் யாராவது இப்படி இருக்கலாம், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை கட்டாயமில்லை என்பதை அக்காவிடம் சொல்லுங்கள். எழுதுவதென்றால், மேலதிக நேரம் போன்ற சலுகைக்குப் பாடசாலை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் உளவியலாளரின் அறிக்கையோடு அதிபரை இந்தத் தவணையிலேயே சந்தியுங்கள். நீங்கள் பாடநெறியில் சேர இரண்டு மூன்று மாதம் போகலாம். அதுவரை பின்னேரங்களில் 20 நிமிடம் அவனோடு உட்கார்ந்து, பாடப் புத்தகத்தை நீங்கள் வாசியுங்கள், அவன் விரலால் வரியைத் தொடர்ந்து வரட்டும். எந்தக் குறியில் விரல் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டுக் குறித்து வையுங்கள். சேர்ந்த முதல் நாளே அந்தக் கொப்பியைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.