நடத்தை மருத்துவத்தை மைனராக எடுக்கலாமா?

கேள்வி: நான் உயிரியல் மேஜர், இரண்டாம் ஆண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் 'நடத்தை மருத்துவமும் உடல்நல மீள்திறனும்' என்று ஒரு மைனர், அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்து எடுக்கும் துணைப் பாடத் தொகுப்பு, இருக்கிறது. அடுத்து மருத்துவமோ பொது சுகாதாரமோ படிக்க எண்ணம். இந்த மைனரில் உண்மையில் என்ன சொல்லித் தருவார்கள்? எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது? முடித்தபின் கவுன்சலிங் செய்ய முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். முடியாது. மைனர் என்பது மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி, உரிமம் அல்ல. சிகிச்சை தருவதற்கு முதுநிலைப் படிப்பும், மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரமும் வேண்டும். துறையின் அறிமுகக் கையேட்டில் 'வெல்னஸ் கோச் ஆகலாம்' என்று எழுதியிருந்தால், அந்தச் சான்றிதழை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். மைனருக்கு வெளியே தனிக் கட்டணம் கட்டிப் படிக்கும் பயிற்சியாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

பிறகு எதற்கு எடுப்பது? மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை அளக்கவும், ஒரு சிகிச்சை முறையோ பழக்கமாற்றத் திட்டமோ பலன் தந்ததா என்று தீர்மானிக்கவும் கற்றுக்கொள்வதற்கு. உயிரியல் மேஜரில் இந்த இரண்டுக்கும் இடம் குறைவு. உங்கள் பல்கலைக்கழகத்து மைனர் இதைத் தராமல் தியானம், நேர்மறைச் சிந்தனை, குழு விவாதம் என்று மட்டும் ஓடுமானால், அந்தக் கிரெடிட்டை வேறு எதற்காவது செலவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

துறையின் எல்லையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுவது மருத்துவம். அந்த மாத்திரையை நோயாளி ஏன் பாதியில் நிறுத்துகிறார், என்ன செய்தால் தொடர்வார் என்பது நடத்தை மருத்துவம். நாள்பட்ட நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. புகை, தூக்கம், உடலுழைப்பு, வலி, மன அழுத்தம் எல்லாம் இதற்குள் வரும். 1977இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடு துறைக்கு ஒரு வரையறை கொடுத்தது. அதே ஆண்டு ஜார்ஜ் எங்கல், நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற கட்டுரையை வெளியிட்டார். முதல் வார வகுப்பில் இந்த இரண்டும் கட்டாயம் வரும்.

இப்போது வரிசை. இத்தகைய மைனர் பொதுவாக 15 முதல் 18 கிரெடிட், அதாவது ஐந்து அல்லது ஆறு பாடங்கள். மாணவர்கள் பெரும்பாலும் சுவையான பாடங்களில் தொடங்கிப் புள்ளியியலைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்: ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும் முதலில், அல்லது அறிமுக உளவியலோடு ஒரே செமஸ்டரில். இந்தத் துறையின் ஒவ்வொரு முடிவும் ஒப்பீட்டுக் குழு, அதாவது யாரோடு ஒப்பிட்டுப் பலனைக் கணிக்கிறோமோ அவர்கள், எப்படி அமைந்தது என்பதில்தான் நிற்கிறது. அது தெரியாமல் படித்தால் எல்லாமே அறிவுரையாகத்தான் காதில் விழும்.

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது விளங்கும். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவு வரும் அபாயம் உள்ள 3,234 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் இலக்கு. போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இந்தக் குழுவில் நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். நடத்தை மருத்துவத்தின் பெருமைக்குரிய ஆய்வு இது, எந்தப் பேராசிரியரும் விடமாட்டார். அடுத்த ஆண்டே வந்த இன்னொன்றைத்தான் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மாரடைப்பு வந்து, மனச்சோர்வோ சமூக ஆதரவுக் குறைவோ இருந்த 2,481 பேருக்கு நடந்த 'என்ரிச்ட்' ஆய்வு அது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணப்போக்கையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் மறு மாரடைப்பிலும் இறப்பிலும் வித்தியாசம் இல்லை. மனம் தேறினால் இதயமும் தேறிவிடும் என்று எளிதில் சொல்லிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. இந்த இரண்டாவது வகை ஆய்வுகள் சிலபஸில் இருக்கின்றனவா என்று பார்த்தே மைனரின் தரத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

அடுத்தது மன அழுத்தத்தின் உடலியல். உயிரியல் மாணவருக்கு இது பழகிய நிலம்: ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல், கடைசியில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். 1936இல் ஹான்ஸ் செல்யே எழுதிய சிறு குறிப்பில் தொடங்கி, 1993இல் மெக்யூவனும் ஸ்டெல்லரும் முன்வைத்த 'அலோஸ்டேட்டிக் சுமை' வரை வருவீர்கள். உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தரும் விலை ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவது என்று அதைச் சொல்லலாம். ஆய்வகச் சான்றுகளும் சுவாரசியமானவை. ஷெல்டன் கோஹன் குழு 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டது. முன்பே மன அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்குத் தொற்று அதிகம் பிடித்தது. 1991இல் முடிவுகள் வெளியாயின. 1995இல் வந்த இன்னொன்றில், மறதிநோய் உள்ள உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கு முன்கையில் போட்ட சிறு காயம் ஆற சராசரி 48.7 நாள் ஆனது. ஒப்பீட்டுக் குழுவுக்கு 39.3 நாள். ஒவ்வொரு குழுவிலும் 13 பேர்தான். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் 'மன அழுத்தம் காயத்தை ஆறவிடாது' என்று மட்டும் எழுதும் மாணவர்கள் தேர்வில் மதிப்பெண் இழக்கிறார்கள், நியாயமாகவே.

மூன்றாவது, நடத்தை மாற்றம். இங்கே மாதிரிகள் குவிந்து கிடக்கும்: 1950களின் சுகாதார நம்பிக்கை மாதிரி, பண்டூராவின் தன்திறன் நம்பிக்கை ('என்னால் முடியும்' என்ற நம்பிக்கை), புராசாஸ்கா–டிகிளமென்டேயின் மாற்றப் படிநிலைகள், 2011இல் சூசன் மிச்சி குழு தந்த திறன்–வாய்ப்பு–உந்துதல் சட்டகம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாதீர்கள். படிநிலை மாதிரி படங்களில் அழகாக இருக்கும். ஆனால் 'அடுத்த 30 நாளில் விடுவேன்' என்பவர் ஒரு படி, '6 மாதத்துக்குள்' என்பவர் வேறு படி என்ற கோடுகள் வசதிக்காகப் போட்டவை என்ற விமர்சனம் வலுவானது. திட்டம் வகுக்கக் கையில் பிடிக்கத்தக்கது கடைசிச் சட்டகம்தான்: அவருக்குத் திறன் இல்லையா, வாய்ப்பு இல்லையா, உந்துதல் இல்லையா என்று பிரித்துக் கேட்டாலே பாதித் தவறான திட்டங்கள் உதிர்ந்துவிடும். நடைப்பயிற்சிக்கு நேரமே கிடைக்காதவரிடம் நடையின் நன்மை பற்றிய துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து என்ன பயன்?

இதே பாடத்தில் உந்துதல் நேர்காணல் பயிற்சி, அதாவது மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரே சொல்லும்படி பேசும் முறை, இருந்தால் விடாதீர்கள். திறந்த கேள்வி, எதிரில் இருப்பவரின் முயற்சியை அங்கீகரிப்பது, அவர் சொன்னதை எதிரொலிப்பது, தொகுத்துச் சொல்வது என்று நான்கு கருவிகள். பதிவுசெய்த உரையாடலை மதிப்பிடும்போது, ஒரு கேள்விக்கு ஓர் எதிரொலிப்பு இருந்தால் பரவாயில்லை, இரண்டு இருந்தால் நன்று என்பது கணக்கு. புதிய மாணவர்களின் பதிவில் பத்துக் கேள்வியும் ஓர் அறிவுரையும்தான் இருக்கும்! தவறைக் கண்டதும் திருத்தத் துடிக்கும் நாக்கை அடக்குவதே இங்கே பயிற்சி. மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு இந்த மைனரில் மிக அதிகம் பயன்படப்போவது இதுவாகவே இருக்கலாம்.

பழக்கம் உருவாக 21 நாள் என்று யாராவது வகுப்பில் சொன்னால் 2010இல் லண்டனில் நடந்த ஆய்வைக் காட்டுங்கள். இடைநிலை (நடு மதிப்பு) 66 நாள், வீச்சு 18 முதல் 254 வரை. அந்த ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால், 254 என்பது கணித வளைவை நீட்டிப் பெற்ற மதிப்பீடு.

இனி மீள்திறன், அதாவது இடர்களிலிருந்து மீண்டெழும் திறன். மைனரின் பெயரில் பாதியைப் பிடித்திருந்தாலும் சான்றுகள் மெலிந்த பகுதி இதுதான். நல்ல பாடம் உளவியலாளர் எம்மி வெர்னர் ஹவாயின் கவாய் தீவில் நடத்திய ஆய்வில் தொடங்கும். 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கடும் இடர்களோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு உதவியவற்றில் குழந்தையின் இயல்பும் உண்டு. அக்கறையுள்ள ஒரு பெரியவரின் துணையும், வீட்டுக்கு வெளியே கிடைத்த ஆதரவும் உண்டு. சிலபஸில் இந்தப் பின்பாதி இல்லாமல் தனிமனித மன உறுதி மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. இரவுப் பணியில் நொறுங்கும் செவிலியருக்கு மீள்திறன் பயிலரங்கு நடத்திவிட்டு, பணி அட்டவணையைத் தொடாமல் விடும் போக்குக்கு அது வழிவிடும். சிறுவயதுத் துன்ப அனுபவங்களை எண்ணும் மதிப்பெண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். மக்கள்தொகை அளவில் போக்கைக் காட்டும் அந்த எண், எதிரே இருக்கும் ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லாது.

கடைசிப் பாடம் பெரும்பாலும் களப்பணி அல்லது ப்ராஜெக்ட். இங்கேதான் அளவைகள், அதாவது மனநிலையை எண்ணாக்கும் கேள்வித்தாள்களும் கருவிகளும், காலை வாரும். மிகப் பரவலான மன அழுத்தக் கேள்வித்தாளில் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. அதில் 4, 5, 7, 8ஆம் கேள்விகளைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்ட வேண்டும். மறந்தால் அழுத்தமும் நிம்மதியும் ஒன்றை ஒன்று அடித்து, எல்லோரும் நடுவில் வந்து நிற்பார்கள். ஆறு கேள்வி கொண்ட சுருக்க மீள்திறன் அளவையில் 2, 4, 6 அப்படி. இன்னொரு பொறி: மன அழுத்தக் கேள்வித்தாள் 'கடந்த ஒரு மாதத்தை'ப் பற்றிக் கேட்கிறது. உங்கள் பயிற்சி இரண்டு வாரம் என்றால், பிந்தைய அளவீட்டில் பாதி பயிற்சிக்கு முந்தைய நாட்களைப் பற்றியதாகிவிடும். பயிற்சியைக் குறைந்தது நான்கு வாரம் நீட்டுங்கள், இல்லையென்றால் வேறு அளவை தேடுங்கள்.

உமிழ்நீர்க் கார்டிசால் எடுக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. விழித்தவுடன் கார்டிசால் வேகமாக ஏறும்; அந்த எழுச்சியை அளக்க, கண் விழித்த கணம், 30ஆம் நிமிடம், 45ஆம் நிமிடம் என மாதிரி எடுக்க வேண்டும். அதுவரை சாப்பிடவோ பல் துலக்கவோ கூடாது. துலக்கினால் ஈறிலிருந்து கசியும் ரத்தம் கலந்துவிடும். பங்கேற்பாளர் படுக்கையில் கால்மணி நேரம் புரண்டுவிட்டு முதல் மாதிரியை எடுத்தால், ஏற்றம் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அவருக்கு எழுச்சி குறைவு என்று தவறாக எழுதுவீர்கள். ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு இது பெரும்பாலும் தாங்காது. உடலில் அணிந்து அசைவை அளக்கும் இயக்கமானி எளிது: நாளுக்கு 10 மணி நேரமாவது அணிந்த நாட்களை மட்டும் கணக்கில் எடுங்கள், அப்படி நான்கு நாளாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. எதுவானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு கேள்வித்தாளைக்கூடக் கொடுக்கக்கூடாது. அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விண்ணப்பத்தை முந்தைய செமஸ்டரிலேயே போட்டுவிடுங்கள்.

நிர்வாகத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் எண்ண அனுமதிப்பார்களா, எத்தனை பாடம் வரை? தேர்ச்சி–தோல்வி முறையில் எடுத்த பாடம் செல்லுமா? ப்ராஜெக்ட் பாடம் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறதா, ஓராண்டு விட்டு ஓராண்டா? இந்த மூன்றுக்கும் பதிலைத் துறை ஆலோசகரிடமிருந்து மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டில் ஒரு பாடம் நடக்காததால் மைனர் கைநழுவிப் போகும் மாணவர்கள் ஏராளம்.

மருத்துவச் சேர்க்கைக்கு மைனர் என்ற பெயரே தனி மதிப்பெண் தராது. அமெரிக்காவின் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் உளவியல், சமூகவியல் பகுதி 59 கேள்விகளோடு இருப்பதால், அங்கே நேரடிப் பயன் உண்டு. பொது சுகாதார முதுநிலைக்கு முடித்த ப்ராஜெக்டும் புள்ளியியல் மென்பொருள் பழக்கமும்தான் பேசும்.

நேர அட்டவணை ஆறு பாடத்துக்கு இடம் தராவிட்டால் மைனரை விட்டுவிட்டு, ஆராய்ச்சி முறைகள், மன அழுத்த உடலியல், நேர்காணல் பயிற்சியுள்ள நடத்தை மாற்றப் பாடம் ஆகிய மூன்றை மட்டும் எடுங்கள். விண்ணப்பத்தில் அவற்றைப் பாடப் பெயரோடு தனித்தனியே குறிப்பிடலாம்.