சேர்ந்திசைக்கு எம்.பி. சீனிவாசன் செய்தது என்ன?

இசையமைப்பாளர் எம்.பி.எஸ். என்றதும் பலருக்கு நினைவு வருவது யேசுதாஸ்தான். 1961இல் அவரை முதன்முதலில் சினிமாவுக்குப் பாடவைத்தவர் இவர். ஆனால் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசைதான் (கொயர்) எம்.பி.எஸ்ஸின் பெரிய சாதனை என்பேன்.

நம் இசை ஒற்றை மெட்டில் ஓடுவது. நூறு பேர் பாடினாலும் எல்லாரும் அதே ஸ்வரத்தில்தான் பாடுவார்கள். மேற்கத்திய கொயரில் பெண்குரல், ஆண்குரல் இரண்டும் மேல், கீழ் எனப் பிரிந்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடும். இந்த முறையை நம் ராகங்களுக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. கூடச் சேரும் ஸ்வரம் கொஞ்சம் பிசகினாலும் ராகத்தின் முகமே மாறிவிடும். அந்த முகம் கெடாமல் பாரதி பாடல்களை அவர் பல குரல்களுக்குப் பிரித்து எழுதினார். 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பல இந்திய மொழிகளில் பாடவைத்தார்.

1925இல் சித்தூரில் பிறந்தவர், பொதுவுடைமைவாதி. திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதிலும் முன்னின்றார். சேர்ந்து பாடுவதில் அவருக்கிருந்த பிடிப்பும் அதே நம்பிக்கையிலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. 1988இல் லட்சத்தீவில் காலமானார்.

‘பாதை தெரியுது பார்’ படத்தின் ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ பாட்டை அவசியம் கேளுங்கள். அப்புறம் அந்தக் கொயரின் பாரதி பாடல்கள்.