மாடியில கடுகு பூத்துடுச்சு, இலை கசக்குது, இப்ப என்ன பண்றது?

அஞ்சறைப் பெட்டில இருந்த கடுகையே க்ரோ பேக்ல தூவி விட்டேன், நல்லா முளைச்சுது, ஆனா 35 நாள்லயே மஞ்சளா பூத்துடுச்சு, இலைய கடிச்சா கசப்பு, பிடுங்கிப் போட்ரலாமான்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வேணாங்க, பிடுங்காதீங்க.

முதல்ல ஏன் அவசரமா பூத்துச்சுன்னா, கடுகு குளிருக்கான பயிர். பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் அக்டோபர்ல விதைச்சு பிப்ரவரி மார்ச்ல அறுப்பாங்க. நம்ம வெயில்ல போட்டா, செத்துருவோமோன்னு பயந்து சீக்கிரமா பூ விட்டுடும், பூ வந்தாலே இலை கசக்கும். அடுத்த தடவை ஐப்பசி கார்த்திகைல தூவுங்க, பூக்கறதுக்கு முன்னாடி ஒரு சாண் உயரத்துல கிள்ளிடுங்க.

இப்ப இருக்கற இலைய கொதிக்கற தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு, தண்ணிய கொட்டிட்டு, பிழிஞ்சு பருப்போட கடைஞ்சா கசப்பும் காரமும் பாதி போயிடும். பஞ்சாப்ல கூட கடுகுக்கீரைய தனியா பண்ண மாட்டாங்க, பாலக்கும் நம்ம சக்கரவர்த்திக் கீரையும் சேர்த்துதான் கடைவாங்க.

அந்தக் காரம் எங்க இருந்து வருதுன்னு பாக்கணும்னா ஒரு பச்சைக் கடுக கடிச்சுப் பாருங்க, முதல்ல ஒண்ணுமே தெரியாது, கொஞ்ச நேரம் கழிச்சுதான் மூக்குல ஏறும். செல்லுக்குள்ள ஒரு சத்தும் ஒரு என்சைமும் தனித்தனியா இருக்கு, கடிச்சு எச்சில் பட்டு ரெண்டும் கலந்தாதான் காரமே உருவாகும், பூச்சி கடிச்சா விரட்டறதுக்கு செடி வச்சிருக்கற ஏற்பாடு அது. எண்ணெய்ல பொரிஞ்சா என்சைம் செத்துடும், அதான் தாளிச்ச கடுகு காரமா இல்லாம வாசமா இருக்கு. ஊறுகாய்க்கு பொடிய ரொம்ப வறுத்துட்டு காரமே இல்ல, கசக்குதேன்னு புலம்பறவங்களுக்கும் இதேதான் பதில்.

விதைக்காக காத்திருக்காதீங்க, ஒரு பையில கைப்பிடி கூட தேறாது. பூத்த செடிய முட்டைகோஸ், காலிஃப்ளவர் பக்கத்துல நகர்த்தி வைங்க. கோஸ் தோட்டத்துல 25 வரிசைக்கு ரெண்டு வரிசை கடுகு போடறாங்க, வைரமுதுகு அந்துப்பூச்சி கோஸ விட்டுட்டு அதுலதான் முட்டை போடும். ஆனா புழு புடிச்ச இலைய அப்பப்ப கிள்ளி அழிக்கணும், இல்லாட்டி நீங்களே புழு வளர்த்த மாதிரி ஆயிடும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, செடியில முள்ளு இருந்து, இலை நரம்புல வெள்ளக்கோடு ஓடி, பூவும் மஞ்சளா இருந்தா அது கடுகே இல்ல, பிரம்மதண்டு. அதோட விதை எண்ணெய் கடுகெண்ணெய்ல கலந்துதான் 1998ல டெல்லியில 60 பேருக்கு மேல செத்தாங்க. பெட்டில இருக்கறதுலயும் சந்தேகம்னா நாலு விதைய நசுக்கிப் பாருங்க, உள்ள மஞ்சளா இருந்தா கடுகு, வெள்ளையா இருந்தா தூக்கிப் போட்டுடுங்க.